உப்பு மிட்டாய், வெள்ளரி கோலா, வான்கோழி சோடா: ஒரு ருசி ஏன் நமக்கு விநோதமா படுது?

கறுப்பா, டைமண்ட் ஷேப்ல, மேல லேசா வெள்ளை பவுடர் ஒட்டின ஒரு சின்ன மிட்டாய். ஃபின்லாந்துல வளர்ந்த ஒரு ஃப்ரெண்ட் டப்பாவை நீட்டி "எடுத்துக்கோ, ஆனா உடனே துப்பிடாத, ஒரு நிமிஷம் வாயில வச்சிரு"ன்னு சொன்னான். வாயில போட்ட உடனே உப்பு, ஆனா சாப்பாட்டுல போடற உப்பு இல்ல, நாக்கை சுருக்குன்னு இழுக்கற ஒரு உப்பு, அடுத்த செகண்ட் அது அப்படியே தொண்டை வழியா மேல ஏறி மூக்குக்குள்ள அம்மோனியா மாதிரி காட்டமா அடிக்குது, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவன் சொன்னானேன்னு துப்பாம வச்சிருந்தேன். ஒரு நிமிஷம் தாண்டினதும் அந்த காட்டம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கி, அடியில இருந்து அதிமதுரத்தோட இனிப்பு மெதுவா எழும்பி வந்தது. எனக்கு மருந்துன்னுதான் தோணுச்சு, மிட்டாய்னு தோணவே இல்ல. அவன் அதுக்குள்ள மூணாவதை வாயில போட்டுட்டு ஜாலியா மென்னுட்டு இருந்தான், அவனுக்கு அது ஸ்கூல் லீவுல சாப்பிட்ட மிட்டாய்.

அன்னைல இருந்து இந்த விஷயம் என்னை விடவே இல்ல. ஒரே மிட்டாய், ஒரே கெமிக்கல், ரெண்டு பேர் நாக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யுது, அப்புறம் எப்படி ஒருத்தனுக்கு குழந்தைப் பருவமாவும் இன்னொருத்தனுக்கு இருமல் மருந்தாவும் தெரியுது? இதை தோண்ட தோண்ட எனக்கு புரிஞ்சது இதுதான்: ஒரு ருசி விநோதமா இருக்கா இல்லையாங்கறதை நாக்கு முடிவு பண்றதே இல்ல, அந்த ருசியை நாம முதல் தடவை எங்க சந்திச்சோம், அப்போ அதுக்கு என்ன பேர் சொன்னாங்கங்கறதுதான் முடிவு பண்ணுது.

முதல்ல ருசின்னா என்னன்னு பார்த்துடலாம், ஏன்னா இதுல நிறைய பேருக்கு ஒரு தப்பான நினைப்பு இருக்கு. ஏதாவது ஒரு பழ மிட்டாயை எடுத்துக்கோங்க, மூக்கை விரலால நல்லா இறுக்கி மூடிட்டு வாயில போட்டு மெல்லுங்க. இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், அவ்வளவுதான், அது ஆரஞ்சா ஸ்ட்ராபெர்ரியான்னு சொல்லவே முடியாது. இப்போ விரலை எடுங்க. ஒரே மூச்சுல மொத்த பழமும் "டக்"னு வந்து நிக்கும். நாக்குக்கு தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908-ல ஜப்பான்ல கிகுனே இகேடா கண்டுபிடிச்சு பேர் வச்ச உமாமி (அஜினோமோட்டோவோட ருசி), இந்த அஞ்சுதான். மத்ததெல்லாம் வாய்க்குள்ள இருந்து தொண்டைக்குப் பின்னாடி வழியா மூக்குக்குப் போற வாசனை. மூக்குல வாசனையை பிடிக்கற ரிசெப்டர் கிட்டத்தட்ட 400 வகை இருக்கு, அதுக்கு மேல காரம், குளிர்ச்சி, எரிச்சல் இதையெல்லாம் பிடிக்கற நரம்பு வேற தனியா இருக்கு. ஆக நாம "ஃப்ளேவர்"னு சொல்றதுல பெரும்பகுதி வாசனை, வாசனை நேரா போய் உட்கார்ற இடம் மூளையில ஞாபகத்துக்கும் உணர்ச்சிக்கும் பக்கத்து வீடு. ஒரு மிட்டாய் பிடிக்குது பிடிக்கலைன்னு நாம சொல்றப்போ பாதி நேரம் ஒரு பழைய ஞாபகத்துக்குத்தான் மார்க் போடறோம்.

இப்போ அந்த கறுப்பு மிட்டாய்க்கு வருவோம். அதுக்கு சால்மியாக்கின்னு பேர், ஃபின்லாந்து, ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, நெதர்லாந்து, வடக்கு ஜெர்மனி இங்கெல்லாம் உயிரை விடுவாங்க. உள்ள இருக்கறது ரெண்டு சமாச்சாரம்: அதிமதுர வேர்ச்சாறு, அப்புறம் அம்மோனியம் குளோரைடு, அதாவது நம்ம பாஷையில நவச்சாரம். நவச்சாரத்தை சளி இளக்கற மருந்தா ரொம்ப காலமா இருமல் சிரப்புல போட்டுட்டு இருந்தாங்க, அதிமதுரமும் தொண்டைக்கு இதமான சரக்கு, ரெண்டும் மருந்துக்கடை அலமாரியில பக்கத்து பக்கத்து ஜாடி. இருமலுக்குன்னு வாங்கின மாத்திரை அப்படியே இருமல் இல்லாதப்பவும் வாங்கற மிட்டாயா மாறிடுச்சு. சோ எனக்கு "மருந்து"ன்னு தோணினது ஒண்ணும் என் தப்பு இல்ல, அது நிஜமாவே மருந்துக்கடையில பிறந்த மிட்டாய். எவ்வளவு காரசாரமான சரக்குன்னா, ஜெர்மனியில நவச்சாரம் 2 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா "பெரியவங்களுக்கான மிட்டாய்"னு பாக்கெட்ல போட்டே ஆகணும்.

நாக்கு இந்த நவச்சாரத்தை எப்படி கண்டுபிடிக்குதுன்னு ரொம்ப நாளா சரியா தெரியாம இருந்தது. 2023-ல அமெரிக்காவுல எமிலி லைமனோட ஆராய்ச்சிக்குழு, புளிப்பை பிடிக்கற அதே செல்லுல இருக்கற OTOP1-ங்கற புரதம்தான் இதையும் பிடிக்குதுன்னு காட்டினாங்க, அஞ்சு ருசியோட இதை ஆறாவதா சேர்க்கலாமான்னு பேச்சு கிளம்பிடுச்சு. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, ஃபின்லாந்துல ஒரு சின்னப் பையன் தினமும் ரசிச்சு சாப்பிட்டுட்டு இருந்த ஒரு ருசிக்கு விஞ்ஞானத்துல இடமே இல்லாம இருந்திருக்கு, மிட்டாய் முன்னாடி போய் நின்னுச்சு, பாடப்புத்தகம் இப்போதான் பின்னாடி ஓடி வருது. (அதிமதுரம் விஷயத்துல மட்டும் ஒரு சீரியஸ் வார்த்தை: அதுல இருக்கற கிளிசிரைசின் உடம்புல பொட்டாசியத்தை குறைச்சு பிரஷரை ஏத்தும், 40 வயசு தாண்டினவங்க கறுப்பு அதிமதுர மிட்டாயை தினமும் 57 கிராம் வீதம் ரெண்டு வாரம் சாப்பிட்டா இதயத் துடிப்பே தாறுமாறா ஆகலாம்னு அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டுத் துறை (எஃப்.டி.ஏ) எச்சரிச்சிருக்கு. பிரஷர் இருக்கறவங்க விளையாட்டா எடுத்துக்காதீங்க.)

மருந்துக்கடை கதை சால்மியாக்கியோட முடியல, சொல்லப்போனா அங்கதான் ஆரம்பிக்குது. உலகத்துல பேர் போன சோடா பாதி மருந்துக்கடை கவுண்டர்ல பிறந்தது. டாக்டர் பெப்பரை 1885-ல டெக்ஸஸ் வேக்கோ ஊர்ல ஒரு மருந்துக்கடையில வேலை பார்த்த சார்லஸ் ஆல்டர்டன் கலக்கினார், கோகோ கோலாவை 1886-ல அட்லாண்டாவுல மருந்தாளுநர் ஜான் பெம்பர்ட்டன் கலக்கினார், பெப்சியை கலக்கின கேலப் பிராட்ஹமும் மருந்துக்கடைக்காரர்தான். ஜார்ஜியாவுல, நான் சொல்றது காகசஸ் மலைப்பக்கம் இருக்கற நாட்டை, மித்ரோஃபான் லாகிட்ஸேன்னு ஒரு பையன் மருந்துக்கடையில எடுபிடியா இருந்தவன், 1887-ல டாரகன்ங்கற பச்சிலையில இருந்து பளிச்சுன்னு பச்சைக் கலர்ல தர்ஹூன்னு ஒரு சோடாவை கொண்டு வந்தான், இலையோட வாசனையும் சோம்பு வாசனையும் கலந்த மாதிரி இருக்கும், இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் முழுக்க ஓடிட்டு இருக்கு. நியூயார்க்ல செலரி விதையில செஞ்ச செல்-ரே சோடாவுக்கு வயசு 150-க்கு மேல. அமெரிக்காவுல மாக்ஸின்னு ஒண்ணு இருக்கு, அகஸ்டின் தாம்ப்ஸன்ங்கற டாக்டர் நரம்புக்கு பலம்னு சொல்லி 1880-கள்ல வித்தது, ஜென்ஷியன் வேரோட கசப்பு சும்மா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும், ஆனா மெய்ன் மாநிலம் 2005-ல அதை தன்னோட அதிகாரபூர்வ கூல்ட்ரிங்க்னே அறிவிச்சிடுச்சு, அந்த "மாக்ஸி"ங்கற பேரே இங்கிலீஷ்ல தைரியம்ங்கற அர்த்தத்துல ஒரு வார்த்தையா ஆயிடுச்சு.

கசப்பான வேரையும் பட்டையையும் தொண்டைக்குள்ள இறக்கணும்னா சர்க்கரை வேணும், கூட கொஞ்சம் கேஸ் இருந்தா இன்னும் ஈஸி. டானிக் வாட்டரும் அதே கணக்குதான், மலேரியாவுக்கு குடிச்ச குயினைனோட கசப்பு, காய்ச்சல் போன பிறகும் ருசியா தங்கிடுச்சு. புற ஊதா விளக்குல டானிக் வாட்டர் பாட்டிலை வச்சுப் பாருங்க, நீலமா ஜொலிக்கும், அது அந்த குயினைன் பண்ற வேலை.

இதுல ரூட் பியர் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா நான் சொல்ல வர்ற விஷயத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்கு கிடைக்கல. 1876-ல ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில சார்லஸ் ஹயர்ஸ்ங்கற மருந்தாளுநர் இதை பெரிய அளவுல அறிமுகப்படுத்தினார். பேர்ல பியர் இருந்தாலும் இது குழந்தைங்களும் குடிக்கற இனிப்பு சோடாதான். அப்போ இதுக்கு முக்கிய வாசனை சாசஃப்ராஸ்ங்கற மரத்தோட வேர்ப்பட்டை. அதுல இருக்கற சாஃப்ரோல் எலிகளுக்கு கல்லீரல் புற்றுநோய் கொண்டு வருதுன்னு தெரிஞ்சதும் 1960-ல அமெரிக்கா அதை சாப்பாட்டுல தடை பண்ணிடுச்சு, அதுக்கப்புறம் சாஃப்ரோல் இல்லாம வாசனையை ஒட்டி ஒட்டி செய்யறாங்க. ரூட் பியர்ல தூக்கலா தெரியற இன்னொரு வாசனை விண்டர்கிரீன்ங்கற செடியோடது, கெமிக்கல் பேர் மீதைல் சாலிசிலேட். சுளுக்குன்னா, முதுகு பிடிச்சுக்கிச்சுன்னா தேய்ச்சுக்கற தைலத்துல "கும்"னு வரும் பாருங்க, அதே சரக்கு, அச்சு அசல் அதே மூலக்கூறு. அமெரிக்காவுக்கு வெளிய வளர்ந்தவங்க முதல் தடவை ரூட் பியர் குடிச்சிட்டு "என்னய்யா இது, தைலத்தை கரைச்சு குடுத்துட்டியா"ன்னு கேக்கறது இதனாலதான்.

இது ஏதோ வாய்க்கு வந்தபடி பேசற பேச்சு இல்ல, அளந்தே பார்த்திருக்காங்க. 1960-கள்ல பிரிட்டன்ல மான்க்ரீஃப்ங்கறவர் ஜனங்களுக்கு பல வாசனையை மோந்து பார்க்க குடுத்து மார்க் போட சொன்னார், விண்டர்கிரீனுக்கு அங்க கிடைச்சது அடிமட்ட மார்க். 1970-களோட கடைசியில அமெரிக்காவுல இதே மாதிரி இன்னொரு ஆராய்ச்சி, அங்க விண்டர்கிரீன் உச்சத்துல வந்து நிக்குது. பிரிட்டன்ல அந்த தலைமுறைக்கு அது வலிக்கு தேய்ச்ச மருந்து, உலகப்போர் காலத்து ஞாபகம். அமெரிக்கர்களுக்கு அது சூயிங்கம், மிட்டாய், அப்பா அம்மாவோட வெளிய போனப்போ குடிச்ச சோடா. மூலக்கூறு ஒண்ணு, அது வந்து நின்ன இடம் வேற. விண்டர்கிரீன் மிட்டாய்ல இன்னொரு அதிசயமும் இருக்கு, நல்லா இருட்டான ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு வாயைத் திறந்தபடி ஒரு விண்டர்கிரீன் மிட்டாயை கடக்குன்னு கடிச்சா நீலமா ஒரு பொறி பறக்கும். சர்க்கரை படிகம் உடையும்போது எப்பவுமே கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி கொஞ்சம் வரும், மீதைல் சாலிசிலேட் அதை வாங்கி கண்ணுக்குத் தெரியற நீலமா திருப்பித் தருது. நான் இதை பண்ணி பார்த்திருக்கேன், கண்ணு இருட்டுக்கு பழக ஒரு பத்து நிமிஷம் பொறுமையா நிக்கணும், அப்புறம் பல்லுக்கு நடுவுல குட்டி மின்னல்.

செர்ரி மிட்டாய்க்கும் இதே தலைவிதி. செர்ரி எசன்ஸ்னு சொல்றது முக்கியமா பென்சால்டிஹைடு, கசப்பு பாதாமோட வாசனையும் அதேதான். குழந்தைங்க மருந்துல கசப்பை மறைக்க செர்ரி எசன்ஸை ஊத்தி ஊத்தி, இப்போ நிறைய பேருக்கு செர்ரி மிட்டாய் வாயில போட்டாலே காய்ச்சல் ஞாபகம்தான் வருது. சால்மியாக்கியில மருந்து மிட்டாயா ஆச்சு, இங்க மிட்டாய் மருந்தா ஆச்சு.

சரி, மருந்துக்கடையை விட்டு லேபுக்கு போவோம். 1851-ல லண்டன் மாபெரும் கண்காட்சியில செயற்கை பழ எசன்ஸ்கள காட்சிக்கு வச்சாங்க, அதுல ஒண்ணு பேரிக்காய் எண்ணெய், அதை போட்டு செஞ்ச மிட்டாயை கெமிஸ்ட் ஹாஃப்மன் ருசி பார்த்து பாராட்டியிருக்கார். அந்த எண்ணெயில இருந்த கெமிக்கலை இன்னைக்கு ஐசோஅமைல் அசிடேட்னு சொல்றோம். பிரிட்டன்ல அது பேரிக்காய் மிட்டாயா நிலைச்சது, அமெரிக்காவுல அதே சரக்கு வாழைப்பழ மிட்டாய். இன்னைக்கும் ஒரு பிரிட்டிஷ்காரர்கிட்ட இந்த பாட்டிலை திறந்து காட்டினா பேரிக்காய் மிட்டாய்ம்பார், அமெரிக்கர் வாழைப்பழம்பார், நகப்பூச்சு போடறவங்க நெயில் பாலிஷ்னு சொல்வாங்க, ஏன்னா அதுலயும் இதோட சொந்தக்காரக் கெமிக்கல்தான். ஆனா தேனீ வளர்க்கறவங்க ரெண்டடி பின்னாடி போயிடுவாங்க. தேனீ கொட்டும்போது "எதிரி வந்துட்டான், எல்லாரும் வாங்க"ன்னு கூட்டத்துக்கு விடற எச்சரிக்கை வாசனையே இந்த ஐசோஅமைல் அசிடேட்தான், அதனாலதான் தேன்கூட்டுப் பக்கம் போகும்போது வாழைப்பழம் சாப்பிட்டுட்டு போகாதேன்னு சொல்வாங்க. ஒரே வாசனைக்கு இத்தனை அர்த்தம்.

ஊதா கலர் திராட்சை மிட்டாய் திராட்சை மாதிரியே இல்லைன்னு நிறைய பேர் நினைச்சிருப்பீங்க. அது மீதைல் ஆந்த்ரானிலேட், 1849 வாக்குல மாசசூசெட்ஸ்ல எஃப்ரைம் புல் வளர்த்து எடுத்த கான்கார்ட் ரகத்து திராட்சையில நிஜமாவே நிறைய இருக்கற வாசனை. அந்த ரகத்தை சாப்பிட்டு வளர்ந்தவங்களுக்கு மிட்டாய் கரெக்டா திராட்சை, மத்த ரகம் சாப்பிடறவங்களுக்கு அது ஏதோ ஒரு "ஊதா" ருசி. இதே கெமிக்கலை கோல்ஃப் மைதானத்துலயும் பழத்தோட்டத்துலயும் பறவை விரட்ட தெளிக்கறாங்க, நமக்கு இனிப்பா தெரியறது பறவைங்களுக்கு மிளகாய் மாதிரி எரியும், வேடிக்கை என்னன்னா நிஜ மிளகாய் பறவைக்கு எரியவே எரியாது. நீல ராஸ்பெர்ரி இன்னும் ஒரு படி மேல. நீலமா ராஸ்பெர்ரியே கிடையாது. செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, தர்பூசணின்னு சிவப்பு கலருக்கு ஏற்கெனவே போட்டி, ராஸ்பெர்ரிக்கு போட்டுட்டு இருந்த கருஞ்சிவப்பு சாயம் மேல சந்தேகம் வந்து கடைசியில 1976-ல அமெரிக்காவுல தடையே ஆயிடுச்சு, மிச்சம் இருந்தது நீலம், அதை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு தலைமுறை அதை உறிஞ்சி நாக்கை நீலமாக்கி வளர்ந்தாச்சு, இப்போ அவங்களுக்கு நீலம்னாலே அந்த ருசிதான்.

பேர் எவ்வளவு வேலை பண்ணுதுங்கறதுக்கு ரெண்டு சோதனை சொல்றேன், ரெண்டும் எனக்கு ரொம்ப பிடிச்சது. 2001-ல ரேச்சல் ஹெர்ஸும் யூலியா ஃபான் கிளெஃபும் வெளியிட்டது முதலாவது. ஐசோவலரிக் ஆசிட், ப்யூட்டிரிக் ஆசிட் ரெண்டும் கலந்த ஒரு வாசனையை ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை மோந்து பார்க்க குடுத்தாங்க, ஒரு தடவை "பார்மேசான் சீஸ்"னு சொல்லி, இன்னொரு தடவை "வாந்தி"ன்னு சொல்லி. சீஸ்னு சொன்னா நல்லா இருக்குன்னாங்க, வாந்தின்னு சொன்னா முகத்தை சுளிச்சாங்க, ரெண்டும் ஒரே பாட்டில்னு சொன்னா நம்பவே மாட்டேன்னாங்க. ரெண்டுலயும் நிஜமாவே ப்யூட்டிரிக் ஆசிட் இருக்கு, அதனால மூக்கு ஒண்ணும் ஏமாறல, அதுக்கு ரெண்டு பதிலுமே சரி.

ரெண்டாவது 2008-ல வந்தது, மார்ட்டின் யோமன்ஸோட ஆராய்ச்சி, கூட சமையல்காரர் ஹெஸ்டன் புளூமென்தாலும் இருந்தார். புகைபோட்ட சால்மன் மீன்ல ஒரு ஐஸ்க்ரீம் செஞ்சாங்க. "ஐஸ்க்ரீம்"னு சொல்லி குடுத்தவங்களுக்கு அது கொடுமையா இருந்தது, உப்பு வேற ரொம்ப ஜாஸ்தின்னாங்க. அதையே "உறைய வச்ச உப்பு மூஸ்"னு (நுரைச்ச கிரீம் மாதிரி ஒரு பதார்த்தம்) சொல்லி குடுத்தா பரவாயில்லையேன்னு சாப்பிட்டாங்க, உப்பும் அளவாத்தான் தெரிஞ்சது. யோசிச்சு பாருங்க, கரண்டியில இருக்கற உப்பு ஒரு துளி கூட மாறல. இளஞ்சிவப்பா ஜில்லுன்னு ஒண்ணு கண்ணுல பட்ட உடனே மூளை ஸ்ட்ராபெர்ரின்னு முடிவு பண்ணி வாயை தயார் பண்ணிடுது, உள்ள வந்தது மீன். அந்த இடறல்தான் அருவருப்பா வெளிய வருது.

ஜெல்லி பெல்லி கம்பெனியோட பீன்பூஸில்ட்ங்கற மிட்டாய் பாக்கெட் முழுக்க முழுக்க இந்த இடறலை வச்சு செஞ்ச விளையாட்டு. ஒரே கலர்ல ரெண்டு மிட்டாய், ஒண்ணு பீச் பழம், இன்னொண்ணு வாந்தி, ஒண்ணு வெண்ணெய் பாப்கார்ன், இன்னொண்ணு அழுகின முட்டை, எது எதுன்னு வாயில போட்ட பிறகுதான் தெரியும். இந்த மாதிரி ருசியை செய்யறது சாதாரண வேலை இல்லைங்க. ஒரு வாசனையை கேஸ் குரோமட்டோகிராஃபிங்கற மெஷினுக்குள்ள அனுப்பினா அதுல கலந்திருக்கற நூத்துக்கணக்கான மூலக்கூறு ஒவ்வொண்ணா பிரிஞ்சு வெளிய வரும், சில லேப்ல மெஷினோட வாய்ல மூக்கை வச்சு உட்கார்ந்துட்டு ஒருத்தர் "இது புல், இது வேர்வை, இது கருகின சர்க்கரை"ன்னு குறிச்சுட்டே இருப்பார். நூத்துக்கணக்குல நாலோ அஞ்சோதான் அந்த வாசனையை தூக்கி நிறுத்தற தூண், அதை மட்டும் சரியான அளவுல சேர்த்தா போதும். பாப்கார்ன் வாசனைக்கு தூண் 2-அசிடைல்-1-பைரோலின். தென்கிழக்கு ஆசிய காட்டுல பிண்டுராங்னு ஒரு விலங்கு இருக்கு, அதோட மூத்திரம் சுடச்சுட பாப்கார்ன் மாதிரியே மணக்கும், 2016-ல ஆராய்ஞ்சு பார்த்தா அங்கயும் இதே மூலக்கூறு.

இதெல்லாம் இந்தக் காலத்து கிறுக்குத்தனம்னு நினைச்சீங்கன்னா, அது சரியில்ல. 1789-ல லண்டன்ல வந்த ஃப்ரெடெரிக் நட்ங்கற மிட்டாய்க்காரரோட சமையல் புத்தகத்துல பார்மேசான் சீஸ் ஐஸ்க்ரீம் இருக்கு. அதுக்கும் நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி, 1660-கள்ல ஆன் ஃபான்ஷா சீமாட்டி எழுதி வச்ச ஐஸ்க்ரீம் குறிப்புல வாசனைக்கு ஜாதிபத்திரி, ஆரஞ்சுப்பூத் தண்ணி, இல்லேன்னா அம்பர், அதாவது திமிங்கலத்தோட குடல்ல உருவாகற அந்த மெழுகு. இனிப்புன்னா வெனிலா, சாக்லேட், பழம்னு ஒரு வேலி போட்டது பின்னாடி வந்தவங்க வேலை. அந்த சாக்லேட்டே மத்திய அமெரிக்காவுல மிளகாய் போட்டு கசப்பா குடிச்ச பானம்தானே.

இப்போ வியாபாரம். ஜப்பான்ல பெப்சி 2007 கோடையில வெள்ளரிக்காய் ருசியில பச்சையா ஒண்ணு விட்டுச்சு, 2009-ல ஷிசோங்கற வாசனை இலை, அப்புறம் அசுகி பயறு. கிட்கேட் அங்க 2000-ல ஸ்ட்ராபெர்ரியில ஆரம்பிச்சு, 2004-ல கிரீன் டீ, பின்னாடி வசாபி, சோயா சாஸ்னு 300 வகையை தாண்டிடுச்சு, கிட்கேட்ங்கற பேர் காதுல "கித்தோ கத்ஸு" மாதிரி விழும், அதுக்கு ஜப்பான் மொழியில "கண்டிப்பா ஜெயிப்ப"ன்னு அர்த்தம் வர்றதால பரீட்சைக்கு போற பசங்களுக்கு குடுக்கற மிட்டாயாவும் ஆயிடுச்சு. கொஞ்ச நாள் மட்டும் கிடைக்கும்னு சொல்லி விடறதுல ஒரு கணக்கு இருக்கு: ருசி பிடிக்கணும்னு கட்டாயமே இல்ல, எல்லாரும் ஒரு தடவை வாங்கினா போதும். சியாட்டில்ல ஜோன்ஸ் சோடா 2003-ல வான்கோழி குழம்பு ருசியில சோடா விட்டது இந்தக் கணக்குலதான், யாரும் அதை ரெண்டாவது பாட்டில் குடிக்கப் போறதில்ல, ஆனா வாங்கி ஃப்ரெண்டு முகத்துக்கு நேரா நீட்டாம இருக்க முடியாது. பரபரன்னு வித்து தீர்ந்துச்சு.

எனக்கு இந்த மாதிரி ஸ்டன்ட் மேல பெரிய மரியாதை இல்ல, மறைக்காம சொல்றேன், ஏன்னா அதுல ருசி பத்தின யோசனையே இல்ல, அதிர்ச்சி மட்டும்தான். ஆனா வெளிய இருந்து பார்த்தா எது ஸ்டன்ட் எது நிஜமான கண்டுபிடிப்புன்னு தெரியாது, அதுக்கு காரிகாரி-குன்ங்கற ஜப்பான் குச்சி ஐஸ் ஒரு அருமையான பாடம். 2012-ல சோள சூப் ருசியில ஐஸ் விட்டாங்க. கேக்கவே கஷ்டமா இருக்கில்ல? வந்த சில நாள்லயே ஸ்டாக் தீர்ந்து விற்பனையையே நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. அதே தெம்புல 2014-ல கெட்சப் போட்ட நபோலிதன் ஸ்பகெட்டி ருசியில ஒண்ணு விட்டாங்க, ஐஸ் வாங்கற யாருக்குமே பிடிக்கல, ஏறக்குறைய 30 கோடி யென் நஷ்டம். ரெண்டுமே சாப்பாட்டு ருசி, ரெண்டுமே ஐஸ், ஏன் ஒண்ணு ஓடுச்சு ஒண்ணு படுத்துச்சு? என் கணிப்பு இது: சோளத்துல இனிப்பு ஏற்கெனவே இருக்கு, பாலும் வெண்ணெயும் சேர்ந்தா அது ஐஸ்க்ரீமுக்கு பக்கத்துல வந்துடுது, நாக்கு நடந்து போக ஒரு பாலம் இருக்கு. வெந்த தக்காளி, வெங்காய வாசனைக்கு ஜில்லுன்னு இனிப்பா இருக்கற எதோடயும் நம்ம ஞாபகத்துல ஒரு கயிறு கூட கட்டியிருக்காது. வெள்ளரிக்கும் அந்த பாலம் உண்டு, குளிர்ச்சி. வான்கோழிக் குழம்புக்கு பாலமே கிடையாது.

அந்த பாலத்தை எப்போ கட்ட ஆரம்பிக்கறோம்ங்கறதுதான் எனக்கு கடைசியா வாயடைச்சுப் போன இடம். கசப்பை வெறுக்கறதும் இனிப்புக்கு சப்பு கொட்டறதும் கூடவே பிறந்தது, அதுல சந்தேகம் இல்ல, காட்டுல கசப்பா இருந்தது பாதி விஷம். ஆனா வாசனை விருப்பு வெறுப்பு பெரும்பாலும் பழக்கத்துல வர்றது, குழந்தைங்களுக்கு ஒரு புது ருசியை வற்புறுத்தாம சும்மா ஒரு பத்து தடவை கண்ணுல காட்டி வாயில வச்சா பல தடவை ஏத்துக்கறாங்கன்னு திரும்பத் திரும்ப பார்த்திருக்காங்க. பழக்கம் பிறந்த பிறகுதான் தொடங்குதுன்னும் சொல்ல முடியாது. பிரான்ஸ்ல பெனுவா ஷாலும் அவர் கூட்டாளிகளும் 2000-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. கர்ப்பத்தோட கடைசி நாட்கள்ல சில அம்மாக்கள் சோம்பு வாசனை உள்ள மிட்டாய், பிஸ்கட், சிரப் இதெல்லாம் சாப்பிட்டாங்க, சில அம்மாக்கள் சாப்பிடல. குழந்தை பிறந்து சில மணி நேரத்துல, பால் கூட சரியா குடிச்சு பழகாத நேரத்துல, மூக்கு கிட்ட சோம்பு வாசனையை காட்டினாங்க. சாப்பிடாத அம்மாவோட குழந்தைங்க கண்டுக்கல இல்ல முகத்தை சுளிச்சாங்க. சாப்பிட்ட அம்மாவோட குழந்தைங்க தலையை அந்தப் பக்கம் திருப்பி, வாயை சப்பு கொட்டினாங்க.

அந்த ஃபின்லாந்து ஃப்ரெண்ட் அதுக்கப்புறம் இன்னொரு டப்பா குடுத்தான். நான் தினமும் ஒண்ணுன்னு வச்சு சாப்பிட்டேன். மூணாவது நாள் கண்ணுல தண்ணி வரல. ஏழாவது எட்டாவது நாள் வாக்குல அந்த அம்மோனியா காட்டம் மூக்குக்கு ஏறும்போதே அடியில வரப்போற இனிப்புக்கு வாய் காத்துட்டு இருக்கறது தெரிஞ்சது. டப்பா போன வாரம் காலி ஆச்சு, அவனுக்கு மெசேஜ் போட்டிருக்கேன்.